இரவுக்கு ஒரு வரி

எங்கள் மலையின் தேயிலை வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குப் போவது புதிய விடயமல்ல. 1893 இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் இலங்கைக்கெனத் தனிக்கூடமே இருந்தது. அங்கு பத்து இலட்சம் தேயிலைப் பொதிகள் விற்பனையானதாகத் தேயிலை வரலாறு சொல்கிறது. இன்று நமது ஏற்றுமதியாளர்கள் டுபாயின் கல்ஃபூட் கண்காட்சிக்கு ஆண்டுதோறும் செல்கிறார்கள். உல்லாசப் பயணத்துறையினர் மார்ச் மாதங்களில் பேர்லின் போகிறார்கள். பேர்லினில் விற்கப்படுவது தேயிலையல்ல, மலை. பொகவந்தலாவைப் பக்கத்துப் பழைய துரைமார் பங்களாக்கள் சில 2005 இலிருந்து வெளிநாட்டார் தங்கும் விடுதிகளாகிவிட்டன. லயத்திலிருந்து பார்த்தால் அவற்றின் விளக்குகள் தெரியும்.

என்னிடம் படித்த தோட்டத்துப் பையனொருவன் டுபாயில் ஹோட்டல் வேலை பார்க்கிறான். விடுமுறையில் வந்தபோது பாடசாலைக்கு வந்து என்னைக் கண்டான்.

"கண்காட்சி நாள்ல ரூம் கெடைக்காது சேர். வர்ற ஆளு ராத்திரிக்கு ராத்திரி தனியா ஒரு காசு கட்டணும். அது ஹோட்டலுக்கு இல்ல, அரசாங்கத்துக்கு. நம்ம பங்களாவுக்கு வர்றவங்க கட்டுற காசு எங்க சேர் போகுது?"

அவன் சொன்னது 2014 இல் டுபாய் கொண்டுவந்த வரி. ஹோட்டலின் தரத்தைப் பொறுத்து அறையொன்றுக்கு ஓரிரவுக்கு 7 முதல் 20 திர்ஹம் வரை. ஐரோப்பாவில் இது இன்னும் கனமானது. அம்ஸ்டர்டாம் 2024 இல் அறைக் கட்டணத்தில் 12.5 சதவீதமாக உயர்த்தியது. பேர்லினில் தொழில் நிமித்தம் வருவோருக்கு முன்னர் விலக்கு இருந்தது. அவர்களிடமும் அறவிடலாம் என்று ஜேர்மனிய அரசியலமைப்பு நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்தது. 2024 ஏப்ரலில் விலக்கு நீங்கியது. 2025 ஜனவரியில் 5 சதவீதம் 7.5 ஆனது. பெரிய கம்பனிக்கு இது பெரிதல்ல. கடன்பட்டுக் கண்காட்சிக்குப் போகும் சிறு ஏற்றுமதியாளருக்குச் சுமைதான். ஆனாலும் அந்நகரங்களின் நியாயத்தை மறுக்க முடியாது. வந்தவர் நடந்த தெருவையும் போட்ட குப்பையையும் ஊர்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டுக் கணக்கு வேறு. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிலோ தேயிலைக்கும் 2010 இலிருந்து மூன்றரை ரூபா பிரசார வரி அறவிடப்பட்டது. உல்லாச ஹோட்டல்களின் வருமானத்தில் ஒரு சதவீதம் உல்லாசப் பயண அபிவிருத்தி நிதியத்துக்குப் போகிறது. அதில் பெரும் பங்கு வெளிநாடுகளில் விளம்பரம் செய்வதற்கே. ஆக, எங்கள் கொழுந்தின் காசும் எங்கள் பனியின் காசும் பேர்லினுக்கும் டுபாய்க்கும் போய், அங்கும் இரவுக்கு வரி கட்டுகின்றன.

எங்கள் ஊருக்கு வழியே இல்லையென்று சொல்லிவிட முடியாது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி, உல்லாசப் பயணச் சபையின் அங்கீகாரம் பெற்ற ஹோட்டலின் வருமானத்தில் ஒரு சதவீதம் வரை சபை உரிமக் கட்டணமாகப் பெறலாம். இடர் வேறிடத்தில் இருந்தது. தோட்ட எல்லைக்குள் அபிவிருத்திக்குச் சபைப் பணத்தைச் செலவிட அச்சட்டம் இடந்தரவில்லை. பங்களாவிலிருந்து வாங்கலாம்; அதன் கீழேயுள்ள லயத்துப் பாதைக்குக் கொடுக்க முடியாது. மழைக்காலத்தில் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பாதை எப்படிப்பட்டதென்று தெரியும். 2018 இல் வந்த திருத்தச் சட்டமே அந்தத் தடையைத் தளர்த்தியது.

ஹோட்டல்காரர்கள், வரியைக் கூட்டினால் விருந்தாளி வேறு நாட்டுக்குப் போய்விடுவார் என்கிறார்கள். 2019 குண்டுவெடிப்பு, கொரோனா, 2022 நெருக்கடி ஆகியவற்றைக் கண்டவர்களின் பயம் அது. அலட்சியம் செய்ய மாட்டேன். புதிய வரி எதுவும் நான் கேட்கவில்லை. இருக்கும் ஒரு சதவீதத்தில் எவ்வளவு வந்தது, எந்த லயத்துப் பாதைக்குப் போனது என்ற கணக்கையே கேட்கிறேன். கேட்பதற்கு 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

பெற்றோர் சிலருடன் சேர்ந்து பிரதேச சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். டுபாய்ப் பையனின் தாயும் ஒப்பமிட்டிருக்கிறார். கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்தவர், கறை படிந்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.