பெற்றோரான பின் பைக் ஓட்டுவது

இருசக்கர வாகனம் ஓட்டுவதில் உள்ள ஆபத்து, ஓட்டுபவருக்குக் குழந்தை பிறந்த மறுநாளும் பழைய அளவிலேயே இருக்கிறது. மாறுவது, விளைவைச் சுமக்கப்போகிறவர்களின் எண்ணிக்கை. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர், அதாவது நூற்றுக்கு 44 பேருக்கு மேல், இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள்.

இந்த எண்களைப் படித்துவிட்டு வண்டியை விற்கக்கூடிய குடும்பங்கள் இங்கே குறைவு. அமெரிக்காவில் ஒரே தூரத்துக்குக் கணக்கிட்டால், கார் பயணியைவிட மோட்டார் சைக்கிள்காரர் இறக்கும் வாய்ப்பு 20 மடங்குக்கும் மேல். அந்த நாட்டில் பைக் பெரும்பாலும் பொழுதுபோக்கு. தமிழ்நாட்டில் அது வேலைக்குப் போகவும், பள்ளிக்கு விடவும், மளிகை வாங்கவும், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுபோகவும் உள்ள ஒரே வண்டி. ஆகவே ‘ஓட்டலாமா, கூடாதா’ என்ற கேள்வி பலருக்கு எழுவதேயில்லை. எந்தப் பயணத்தை வைத்துக்கொள்வது, எதை விடுவது, எதை மாற்றுவது என்பதுதான் செய்யக்கூடிய கணக்கு.

அந்தக் கணக்கில் பெற்றோர் பொதுவாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நெடுஞ்சாலையைக் கண்டு பயப்படுகிறார்கள். பள்ளிக்கூடம் வரையிலான இரண்டு கிலோமீட்டரைப் பொருட்படுத்துவதில்லை. ஹெல்மெட் வீட்டு ஆணியில் தொங்கும், காலில் ரப்பர் செருப்பு, மணி எட்டே முக்கால் ஆகிவிட்ட அவசரம். குழந்தை வண்டியில் இருக்கும் பயணம் பெரும்பாலும் இதுதான். வேகம் குறைவு என்பது உண்மை. ஆனால் தலை தரையில் மோதுவதற்குப் பெரிய வேகம் வேண்டியதில்லை. நின்றுகொண்டிருக்கும் வண்டி சாய்ந்தாலே போதும்.

குழந்தை எங்கே உட்காருகிறது என்பதே முதல் விஷயம். பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார வைப்பது பாசத்தின் அடையாளமாகப் பார்க்கப்படுகிறது. இருப்பவற்றில் மோசமான இடமும் அதுதான். திடீரென பிரேக் பிடித்தால் முதலில் ஹேண்டில்பாரில் மோதுவது குழந்தை, அதன் முதுகில் வந்து விழுவது பெரியவரின் எடை. ஸ்கூட்டரின் முன்பலகையில் நிற்கும் குழந்தைக்கும் இதே கதி. ஸ்கூட்டரில் இன்னொரு வம்பும் உண்டு. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, அம்மா இறங்கிக் கேட்டைத் திறக்கப் போகும் நேரத்தில், முன்னால் நிற்கும் பிள்ளை ஆக்ஸிலரேட்டரை முறுக்கிவிடும். கிளட்ச் பிடித்து கியர் போட வேண்டிய வேலை இல்லாததால் வண்டி உடனே பாயும். இறங்கும்போது முதலில் சாவியைத் திருப்பி அணைப்பது, அதன் பிறகே மற்ற வேலை என்ற பழக்கம் இதை முழுக்கத் தடுத்துவிடும்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார வைத்தால் பத்திரம் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-வது பிரிவு ஓட்டுபவரைத் தவிர ஒருவரை மட்டுமே அனுமதிக்கிறது. குழந்தையும் அதில் ஓர் ஆள்தான். பின்னால் தனியாக உட்காரும் குழந்தைக்குக் கால் ஃபுட்ரெஸ்ட்டில் எட்ட வேண்டும், கை ஓட்டுபவரின் இடுப்பைச் சுற்றி வர வேண்டும். இரண்டும் நடக்காத உயரத்தில், தொங்கும் பாதம் சக்கரத்தின் கம்பிகளுக்குள் போகிறது. குழந்தைகளின் குதிகால் காயங்களில் எலும்பு மருத்துவர்களுக்கு இது பழகிப்போன வகை. புத்தகப்பை முதுகில் தொங்கினால் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அது குழந்தையைப் பின்னோக்கி இழுக்கும். பையை முன்னால் மாட்டிக்கொள்வது ஓட்டுபவரின் வேலை. சாயங்காலம் திரும்பும்போது பிள்ளை தூங்கிப்போவதை யாரும் தடுக்க முடியாது. அதற்காகத்தான் பெல்ட்.

அந்தப் பெல்ட் இப்போது விதியிலேயே இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 பிப்ரவரி 15 அன்று சேர்க்கப்பட்டு ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த திருத்தம், நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புக் கச்சையைக் கட்டாயமாக்குகிறது. 9 மாதம் முதல் 4 வயது வரை அளவான தலைக்கவசம் வேண்டும். வேகம் மணிக்கு 40 கி.மீ. தாண்டக்கூடாது. நான்கு வயது நிறைந்தவர்களுக்கு சட்டத்தில் 2019-ல் திருத்தப்பட்ட 129-வது பிரிவின்படி பெரியவர்களைப் போலவே ஹெல்மெட் கட்டாயம். இப்படி ஒரு விதி இருப்பதே பலருக்குத் தெரியாது. தெருவில் கச்சையோடு போகும் குழந்தை இன்னும் அரிது. கச்சையைப் பற்றி ஒரு தயக்கம் நியாயமானது: வண்டி விழுந்தால் குழந்தையும் பெரியவரோடு சேர்ந்து விழும். ஆனால் தூக்கத்தில் நழுவுவதும், குலுக்கலில் எகிறுவதும் அன்றாடம் நடக்கக்கூடியவை. அவற்றை அது தடுக்கிறது. 9 மாதத்துக்குக் குறைந்த பச்சைக் குழந்தைக்கு விதி ஹெல்மெட் கேட்பதில்லை. கழுத்து இன்னும் உறுதிப்படாத, உடலின் அளவுக்குத் தலை பெரிதாக இருக்கும் வயது அது. அந்த வயதுக் குழந்தையைச் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருவதைவிட ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு மலிவு.

ஹெல்மெட் விஷயத்தில் விவாதிக்க ஒன்றுமில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, அது மரண வாய்ப்பை 42 விழுக்காடும் தலைக்காய வாய்ப்பை 69 விழுக்காடும் குறைப்பதாகக் கண்டது. 2022-ல் இந்தியாவில் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். பேச வேண்டியது அளவைப் பற்றி. வளர்கிற பிள்ளை என்று பள்ளிச் சீருடையை ஒரு சைஸ் பெரிதாக எடுப்பது போல ஹெல்மெட்டையும் எடுத்துவிடுகிறார்கள். பெரிய ஹெல்மெட் மோதும் நொடியில் கழன்று ஓடும். வார் பூட்டிய பிறகு பின்பக்கத்திலிருந்து முன்னோக்கித் தள்ளிப் பார்த்தால் அது தலையை விட்டு வரக்கூடாது. வாருக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, மேலே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், தூக்கி எறிந்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கியது நசுங்கியதுதான். பிள்ளைக்கு மாட்டிவிட்டுத் தன் ஹெல்மெட்டை டேங்கின் மேல் வைத்துக்கொள்ளும் அப்பா பாதிக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார். வீட்டுக்கு அவர் முழுதாகத் திரும்ப வேண்டியதும் அந்தப் பிள்ளைக்காகத்தான்.

வேகத்தைப் பற்றிய உணர்வு எல்லோரையும் ஏமாற்றும். உலர்ந்த சாலை, நல்ல டயர், ஆபத்தைக் கண்டு கை இயங்க ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால் 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி நிற்க ஏறத்தாழ 21 மீட்டர் ஆகும். 60-ல் 40 மீட்டர். 80-ல் 63 மீட்டர். இதைவிட உறைக்கும் கணக்கு வேறு. 40-ல் வந்தவர் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தில், 60-ல் வந்தவரின் வண்டி இன்னும் 50 கி.மீ.க்கு மேலான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். இது இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடிப்பவரின் கணக்கு. முன் பிரேக் பிடித்தால் வழுக்கும் என்று பயந்து பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவர்களுக்குத் தூரம் இன்னும் நீளும், ஏனென்றால் பிரேக் பிடித்தவுடன் எடை முன் சக்கரத்துக்குப் போய்விடுகிறது, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கும் அதற்கே. 2019 ஏப்ரல் முதல் விற்கும் வண்டிகளில் 125 சிசிக்கு மேல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும், அதற்குக் கீழ் இரண்டு பிரேக்கையும் இணைக்கும் சிபிஎஸ்ஸும் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டியை ஓட்டும் பெற்றோர், ஞாயிற்றுக்கிழமை காலியான மைதானத்தில் ஆள் ஏற்றாமல் அவசர பிரேக்கைச் சில தடவை பழகிப் பார்ப்பது வண்டியை மாற்றுவதைவிடச் செலவில்லாத வழி. பின்னால் ஆள் இருக்கும்போது வண்டி வேறு மாதிரி நிற்கும். அதை மெதுவான வேகத்தில் ஒரு பெரியவரை உட்கார வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

மோதுவது யார் என்பதும் கணக்கில் வர வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்த ஹாரி ஹர்ட் குழு 1981-ல் தந்த அறிக்கை இன்றும் பேசப்படுகிறது. வேறொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு, வழிவிட வேண்டிய மற்ற ஓட்டுநர் வழிவிடாததே காரணம். பெரும்பாலும் அவர்கள் பைக்கைப் பார்க்கவேயில்லை. நான் ஒழுங்காகத்தான் ஓட்டுகிறேன் என்று சொல்வதில் உள்ள ஓட்டை அதுதான். தமிழ்நாட்டுச் சாலைகளில் இந்த இடங்களை அனுபவசாலிகள் அடையாளம் வைத்திருப்பார்கள்: மீடியன் இடைவெளியில் திரும்பும் லோடு ஆட்டோ, சர்வீஸ் ரோட்டில் ராங் சைடில் வரும் ஸ்கூட்டர், நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தின் இடப்பக்கச் சந்து, மழைக்குப் பின் ஓரத்தில் படிந்த மணல். முதலில் செல்லும் உரிமை தமக்கே இருந்தாலும் அந்த அனுபவசாலிகள் அந்த இடத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுவார்கள். நேரமும் முக்கியம். நாட்டில் அதிக விபத்துகள் நடப்பது மாலை 6 முதல் 9 வரை. டியூஷன் முடிந்து பிள்ளையை அழைத்துவரும் நேரமும் அதுவே.

ஆபத்தைக் குறைக்க உள்ள வழிகளில் பெரியது, ஓட்டும் தூரத்தைக் குறைப்பது. ஹெல்மெட், பிரேக், திறமை எல்லாம் அதன் பிறகே. கூடுவாஞ்சேரியிலிருந்து எழும்பூருக்கு ஜிஎஸ்டி சாலையில் தினமும் பைக்கில் போய்வருபவர், ரயில் நிலையம் வரை மட்டும் வண்டியில் போய் மின்சார ரயிலைப் பிடித்தால் ஆபத்தின் பெரும்பகுதி அங்கேயே கழிந்துவிடும். ரயில் இல்லாத ஊரில் இந்த யோசனைக்கு மதிப்பில்லை. அங்கே இரவுப் பயணத்தை விடுவது, சொந்த ஊர் போக பேருந்தைப் பிடிப்பது, பிள்ளையோடு நெடுஞ்சாலை ஏறாதிருப்பது என்று துண்டு துண்டாகத்தான் கழிக்க வேண்டும்.

சும்மா சுற்றுவதற்காக ஓட்டுபவர்களின் நிலை வேறு. ஞாயிறு விடியலில் ஈசிஆர், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் என்று போகிறவர்களிடம்தான் வீடு முதலில் ‘விட்டுவிடு’ என்று கேட்கும். விட்டால் சம்பளமோ பள்ளியோ பாதிக்காது என்பதால் அந்தக் கேள்வி நியாயமே. அவர்களுக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்ல வேண்டும்: பகல் வெளிச்சம், ஓய்வெடுத்த உடம்பு, ஜாக்கெட், பூட்ஸ், அவசரமின்மை எல்லாம் அந்தப் பயணத்தில்தான் ஒன்றுசேர்கின்றன. தனியாகவோ நிதானக்காரர்களோடோ போவதை வைத்துக்கொண்டு, வேகத்தில் போட்டி போடும் கூட்டத்தை விடுவது சரியான பேரம். மனைவியோ கணவனோ சம்மதிக்காத பயணம் மட்டும் எந்தக் கணக்கிலும் தேறாது.

பிள்ளை வளர்ந்ததும் கேள்வி திரும்பி வரும், இந்தமுறை சாவி கேட்டு. பதினெட்டு நிறையாத மகனிடம் பைக்கைக் கொடுத்து அவன் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அவனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.

கடைசியாகப் பணம். விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் கைகொடுக்கும். அதன் பிறகான மாதங்களை அது பார்த்துக்கொள்ளாது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருந்தால் பின்னால் உட்காரும் சொந்தக் குடும்பத்தாருக்கு அதில் பொதுவாக ஈடு இல்லை. 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் செல்லுபடியாகும் உரிமத்தோடு ஓட்டினால் மட்டுமே பொருந்தும். கணவன் பெயரில் உள்ள ஸ்கூட்டரில் தினமும் பிள்ளையைப் பள்ளிக்கு விடுவது மனைவி என்றால், அவருக்கு அந்தக் காப்பு கிடையாது. தனியாக எடுக்க வேண்டும். திருமணத்துக்கு முன் எடுத்த ஆயுள் காப்பீட்டிலும் வங்கிக் கணக்கிலும் நாமினி பெயரை மாற்றாமலே இருப்பவர்கள் நிறைய. பிள்ளை பிறந்த வீட்டில் அந்தத் தாள்களை இந்த வாரமே எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.