பாங்காக் நகர் காண்போர்க்கு

தாய்லாந்து நாட்டின் தலைநகரை உலகத்தார் பாங்காக் என்பர். அந்நாட்டு மக்களோ அதனைக் ‘குருங் தேப்’ என்றே வழங்குகின்றனர். தேவர் நகர் என்பது அதன் பொருள். 1782-ஆம் ஆண்டில் முதலாம் இராமன் என்னும் மன்னன் சாவோ பிரயா ஆற்றின் கீழ்க்கரையில் இந்நகரைத் தன் தலைநகராக அமைத்தான். அவன் மரபினரே இன்றும் அரியணையில் வீற்றிருக்கின்றனர். சென்னையிலிருந்து சில மணிப்பொழுதில் வானூர்தி வழியாக அங்குச் சென்று இறங்கிவிடலாம். இத்துணை எளிதாகச் சென்று வரத்தக்க ஊர் ஆதலின், அதனைப் பற்றி ஒன்றும் அறியாமலே புறப்படுவோர் பலர். அவருள் சிலர் பொருளையும் பொழுதையும் இழந்து மீள்கின்றனர். வேறு சிலர் தம்மையறியாமலே அவ்வூர் மக்களின் மனத்தைப் புண்படுத்திவிட்டு மீள்கின்றனர்.

நகரில் வானூர்தி நிலையங்கள் இரண்டு உள. 2006-இல் திறக்கப்பட்ட பெரிய நிலையத்தின் பெயர் சுவர்ணபூமி. எழுத்தில் வடமொழி வடிவம் மாறாது நிற்கும் இச்சொல், தாய் மக்கள் நாவில் ‘சுவன்னபூம்’ என ஒலிக்கும். மற்றொன்று தோன் முயாங். இவை நகரின் வெவ்வேறு புறங்களில் இருத்தலின், தாம் மீண்டு புறப்படும் நிலையம் எது என்பதைச் சீட்டைப் படித்து முன்னரே தெளிதல் வேண்டும். கடிகாரத்தையும் ஒன்றரை மணி முன்னே திருப்பி வைத்துக்கொள்ளுதல் நன்று.

இனி, நகருக்குள் செல்லும் வகை. அவ்வூர்ப் பெருந்தெருக்களில் மாலைப்பொழுதில் ஊர்திகள் செல்வதினும் நிற்பதே மிகுதி. வாடகைக் காரில் ஏறுவோர், கட்டணம் காட்டும் கருவியை இயக்குமாறு முதலிலேயே கேட்டல் வேண்டும். மறுப்பவனோடு வழக்கிடுதல் வீண். இறங்கி வேறொன்றை அமர்த்திக்கொள்ளலாம். தெருவுக்கு மேலே தூண்களின்மீது ஓடும் தொடர்வண்டி 1999-லும், நிலத்தடித் தொடர்வண்டி 2004-லும் ஓடத் தொடங்கின. இவை விரைவாகவும் தூய்மையாகவும் செல்வன. ஆயினும், நகரின் அழகை அறிய விரும்புவோர்க்கு ஆறே சிறந்த வழி. தூண்வழித் தொடர்வண்டியில் தக்சின் பாலம் வரை சென்று, கீழே இறங்கினால் சாத்தோன் படகுத்துறை இருக்கும். படகில் பறக்கும் கொடியின் நிறத்தைக் கொண்டு, அஃது எத்துறைகளில் நிற்கும் என்பதை அறிந்து ஏறலாம். ஆற்றுக்காற்று முகத்தில் வீச, இரு கரையிலும் கோபுரங்கள் வரிசையாகத் தோன்றும்.

சாங் துறையில் இறங்கினால் அரண்மனை அண்மையில் உள்ளது. இங்கேதான் பயணிகள் பெரிதும் விழிப்போடு இருத்தல் வேண்டும். நல்லாடை உடுத்த ஒருவன் புன்முறுவலோடு எதிர்ப்படுவான். எந்நாட்டினர் என்று அன்புடன் வினவுவான். பின்பு, “இன்று அரண்மனையில் வழிபாடு நடைபெறுகிறது; பிற்பகல்வரை திறவார்கள்” என்பான். அதுகாறும் வேறு கோயில்களைக் காணலாம் என்று கூறி, மிகச் சிறு தொகைக்கு மூன்று சக்கர வண்டி ஒன்றையும் அமர்த்திக் கொடுப்பான். அவ்வண்டி ஒரு கோயிலில் நின்றபின் மணிகள் விற்கும் கடையொன்றின் வாயிலில் வந்து நிற்கும். அரிய மாணிக்கம், தம் ஊரில் இருமடங்கு விலைபோகும் என்று கேட்டு, கையிலுள்ளதையெல்லாம் கொடுத்தோர் பல நாட்டினரும் உளர். அரண்மனையோ அப்பொழுதும் திறந்தே இருந்திருக்கும்! திறந்துளதா என்பதை வாயிற்காவலரிடமே சென்று கேட்டல் வேண்டும். தாமாக வலிய வந்து உதவுவோர் எல்லாரும் தீயவர் அல்லர். எனினும், வழிகாட்டுவோன் வண்டியையும் கூட்டி வருவானாயின் ஐயுறுதல் அறிவுடைமை.

தோளும் முழங்காலும் மூடிய உடையன்றி அரண்மனைக்குள் விடார். உள்ளிருக்கும் மரகதப் புத்தர் கோயிலின் சுற்றுச்சுவரில் 178 பகுதிகளாக இராமகாதை தீட்டப்பட்டுள்ளது. அதனைக் கண்டு மகிழவே அரைநாள் வேண்டும். அந்நாட்டில் அதற்கு ‘இராமகியன்’ என்று பெயர். பச்சைக்கல்லால் ஆகிய புத்தரின் திருமேனி சிறிதே எனினும், ஆண்டுக்கு மூன்று பருவத்தும் அரசரே அதற்கு உடைமாற்றுதல் மரபு. அச்சந்நிதியில் அமர்வோர் உள்ளங்கால் திருமேனியை நோக்காதபடி காலை மடக்கி அமர்தல் வேண்டும்.

தலை உயர்ந்தது, கால் தாழ்ந்தது என்பது அம்மக்களின் கொள்கை. குழந்தையின் தலையை அன்பினால் தடவுதலும் அவர்க்கு உவப்பன்று. பெண்கள் துறவியரைத் தொடுதல் கூடாது. காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நாட்டுப்பண் ஒலிக்கும்போது, நிலையங்களில் விரைந்து செல்வோரும் அசையாது நிற்பர். உடன் நிற்பதே விருந்தினர்க்கு அழகு. அரசரை இழித்துப் பேசுதல் அந்நாட்டில் 15 ஆண்டு வரை சிறைக்கு உரிய குற்றம். விளையாட்டாகப் பேசியதென்று கூறி அதினின்று தப்புதல் அரிது.

புலால் உண்ணாதார்க்கு ஓர் இடர் உண்டு. உப்புக்கு ஈடாக மீன்சாற்றைக் காய்கறி உணவிலும் ஊற்றுவர். ‘மங்சவிரத்’ என்று கேட்டால் இறைச்சி நீக்குவர். மாமிச விரதி என்ற வடசொற்களின் திரிபு அது. ஆயினும், மீன்சாறு சில கடைகளில் எஞ்சிவிடும். ‘ஜே’ என்ற சொல்லே காப்பானது. மஞ்சள் கொடியில் செந்நிற எழுத்தாக அச்சொல் தீட்டப்பெற்ற கடைகளில் அச்சமின்றி உண்ணலாம்.

சீலோம் தெருவில் 19-ஆம் நூற்றாண்டில் தமிழர் எடுத்த மாரியம்மன் கோயில் உள்ளது. தாய் மக்களும் அங்கு மாலை வாங்கி நிற்பர். இதனினும் தொன்மையான தொடர்பு ஒன்று பழைய நகரில் இருக்கிறது. சாம் யோட் நிலத்தடி நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், செந்நிறம் பூசிய தேக்குத் தூண்கள் இரண்டு வானளாவி நிற்கும். அது பெரிய ஊஞ்சல். 1784-இல் நாட்டப்பட்டது, இன்றுள்ள தூண்கள் 2007-இல் புதுப்பிக்கப்பட்டவை. ஆட்டம் 1935-இல் நின்றது. அவ்விழாவின் பெயர் ‘திரியம்பாவாய்’. திருவெம்பாவையே அங்ஙனம் திரிந்தது. அண்மையிலுள்ள தேவத்தானத்தில் அரண்மனை அந்தணர் அப்பாடல்களை இன்றும் ஓதுகின்றனர். பொருள் மறைந்து ஒலியும் வேறுபட்டுவிட்டமையால், தமிழறிந்தார் செவிக்கும் அவை உடனே தமிழென்று புலப்படுவதில்லை.