அப்பாவின் கான்டெஸ்ஸாவும் ஆம்பூர் வாஷரும்

மன்னன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு - வேலூரைப் பற்றி இப்படி ஒரு பழைய கிண்டல் உண்டு. ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டதால் பட்டியலில் ஓர் இடம் காலி. போன மே மாதம் அதை நான் நிரப்பினேன். குளிராத ஏசி!

வண்டி, அப்பாவின் 93-ஆம் வருஷத்துக் கான்டெஸ்ஸா. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் தொடங்கி 2002-ல் நிறுத்திவிட்ட படகு. அப்பா போய் இரண்டு வருஷம். பெங்களூரில் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. "போனா அப்பா கார்லதான் போவேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். புறப்படும் முன் சென்னையில் ஏசிக்கு கேஸ் அடித்தேன். இரண்டு வருஷத்தில் அது மூன்றாவது தடவை.

வாலாஜாபேட்டை தாண்டியதும் ஏசி கைவிட்டது. கண்ணாடியை இறக்கினோம். ஒரு பக்கம் அக்னி நட்சத்திரம் உள்ளே வந்தது. மறுபக்கம் தோல் பதனிடும் வாசனை. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உங்கப்பா ஓட்டறப்ப இப்படி ஆனதே இல்லைடா" என்றாள். வெயிலைவிட அது அதிகம் சுட்டது.

ஆம்பூரில் சாலையோரம் ஒரு ஷெட். மெக்கானிக் பாய்க்கு அறுபது வயசிருக்கும். பானட்டைத் திறந்து, கம்ப்ரஸர் கிளட்சை ஒரு துணியால் துடைத்துக் காட்டினார். எண்ணெய்ப் பிசுக்கு.

"ஆயில் இங்கே கசிஞ்சிருந்தா கேஸும் இந்த வழியாத்தான் போயிருக்கும். ஷாஃப்ட் சீல் போச்சு சார்."

சோப்புத் தண்ணீரைத் தடவினார். குமிழ் குமிழாக வந்தது. அத்தனையும் என் பணம்! ஓட்டைக் குடத்தில் மூன்று தடவை தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

"வண்டி அதிகம் ஓடலையோ?"

"அப்பா ஞாபகமா உறை போட்டுப் பத்திரமா வச்சிருக்கேன் பாய்."

"அதான் தப்பு!"

மூலையில் கிடந்த சைக்கிள் பம்ப்பைக் கழற்றி, உள்ளே இருந்த தோல் வாஷரை எடுத்து நீட்டினார். "அடிச்சிட்டே இருந்தா எண்ணெய் ஊறி மெத்துனு இருக்கும். மூலையில போட்டா காய்ஞ்சு சுருங்கிடும், காத்து நிக்காது. உங்க சீல் ரப்பர்தான், ஆனா குணம் இதேதான். ஏசி ஓடினாத்தான் கேஸோட ஆயிலும் சுத்தி வந்து அதை நனைக்கும்."

தோலோடு வாழும் ஊர். விளக்கத்துக்கு வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

வேலூரிலிருந்து சீல் வந்து சேர இரண்டு மணி நேரம். சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் துணை. பாலாறு மணலாகக் கிடந்தது. தோல் கழிவு இந்த ஆற்றில் கலந்த வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், 'மாசுபடுத்தியவனே செலவைக் கொடு' என்று சொல்லித் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. 2025-லும் அதையே வலியுறுத்தியது. என் 'கேஸில்' குற்றவாளி நானேதான். பழைய ஆர்-12 வாயு ஓசோனைக் கெடுக்கிறது என்று உலகமே ஒழித்துக்கட்டியது. அப்பா மாற்றிவைத்த 134ஏ ஓசோனை விட்டுவிடும். ஆனால் பூமியைச் சூடாக்கும். ஒழுகும் வண்டியில் கேஸ் அடித்தால் நஷ்டம் பர்சுக்கு மட்டுமில்லை.

புது சீல், ஓ-ரிங், டிரையர் எல்லாம் மாற்றியான பின்பும் பாய் உடனே கேஸ் அடிக்கவில்லை. அரை மணி நேரம் வாக்வம் பம்ப் போட்டு உள்ளிருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, கேஜ் முள் நகராமல் நிற்கிறதா என்று காத்திருந்தார். நின்றது. அப்புறம்தான் கேஸ்.

"வாரம் ஒரு தடவை, பத்து நிமிஷம் ஏசி போட்டு ஓட்டுங்க சார். போதும்."

வாணியம்பாடி தாண்டும்போது உள்ளே ஊட்டி! அம்மா மெதுவாகச் சொன்னாள்: "மார்கழிப் பனியிலகூட உங்கப்பா ஞாயித்துக்கிழமையானா ஏசியைப் போட்டு வண்டியை ஒரு சுத்து எடுப்பார். பெட்ரோலுக்குப் பிடிச்ச கேடுன்னு திட்டுவேன்..." அப்புறம் கிருஷ்ணகிரி வரை பேசவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் நான் வண்டியை எடுக்கிறேன். கொத்தமல்லி வாங்கக் கான்டெஸ்ஸா! முன்சீட்டில் அம்மா. பெட்ரோலுக்குப் பிடிச்ச கேடு என்று மறக்காமல் திட்டுகிறாள். ஆனால், ஒரு வாரம்கூட வராமல் இருந்ததில்லை.