அப்பாவின் எக்ஸ்பி பொட்டி

போன வருஷம் தை மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கே ஜோர்ஹாட்டில் அந்த மாசம் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். வாரம் பூரா பேங்கில் ஆணி பிடுங்கிய அலுப்பில் போர்வைக்குள் கிடந்தேன். ஊரிலிருந்து அப்பா போன்.

"கண்ணு, பொட்டி என்னமோ இங்கிலீசுல சொல்லுது. படிக்கிறேன், எழுதிக்கோ."

ரிட்டயர்ட் வாத்தியார் இல்லையா, டிக்டேஷன் போடுகிற மாதிரியே வாசித்தார். "த புரொசீஜர் என்ட்ரி பாயிண்ட்... கெட்... டிக்... கவுண்ட்... சிக்ஸ்ட்டி ஃபோர்... குட் நாட் பி லொகேட்டட்..." கெர்னல்32 என்று முடிக்கும் முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் குறுக்கே பேசினால் வாத்தியாருக்குப் பிடிக்காது. முழுசும் கேட்டேன் :-)

எங்கள் ஊர் மார்டள்ளி. கொள்ளேகாலில் இருந்து ஹனூர் வழியாக, மாதேஸ்வரன் மலைக் காட்டுப் பக்கம் உள்ளே போக வேண்டும். 1956 வரை கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. அப்புறம் மைசூர். 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டம் ஆனது. வீட்டில் தமிழ், ஆபீஸில் கன்னடம், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில். அந்தக் கோயில் திருவிழா மலரைத்தான் அப்பா வருஷா வருஷம் தட்டச்சு செய்து, பக்கம் கட்டிக் கொடுப்பார்.

அவருடைய பொட்டி 2005இல் வாங்கியது. பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி. நான் முதல் முதலாக மொத்தமாகச் சம்பளம் பார்த்த வருஷம், பெருமையாக வாங்கிக் கொடுத்தது. அதில் பேஜ்மேக்கர், பாமினி எழுத்துரு, அவர் விரல்களுக்குப் பழகிப் போன தமிழ் டைப்ரைட்டர் விசைகள், பக்கத்தில் ஒரு பழைய லேசர் பிரிண்டர். மைசூர் அச்சகத்தில் இந்த முறை பேஜ்மேக்கர் ஃபைல் வேண்டாம், பிடிஎஃப் மெயிலில் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். தம்பி மகன் எங்கிருந்தோ ஒரு பிடிஎஃப் மென்பொருளை பென்டிரைவில் கொண்டுவந்து போட, பொட்டி மேற்படி டிக்டேஷனைக் கொடுத்திருக்கிறது.

அது என்ன கோளாறு என்று கேட்பவர்களுக்கு, ஒரு பேங்க்காரன் பாஷையில் சொல்கிறேன். ஒரு மென்பொருள் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. ஃபைல் திற, மணி சொல்லு, ஜன்னல் வரை என்று இயங்குதளத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். கிளைக்கு வந்தவர் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கவுண்ட்டருக்குப் போகிற மாதிரி. 'கெட்டிக்கவுண்ட்64' என்பது பொட்டியை ஆன் செய்து எத்தனை மில்லிசெகண்ட் ஆச்சு என்று சொல்கிற ஒரு சின்ன கவுண்ட்டர். எக்ஸ்பியில் இருந்த பழைய கவுண்ட்டர் 49.7 நாளில் எண்ணி முடித்து மறுபடி சைபருக்கு வந்துவிடும். அதனால் விஸ்டாவில் பெரிசாக ஒன்று வைத்தார்கள். புது மென்பொருள் நேராக அந்தக் கவுண்ட்டரைத் தேடிப் போகிறது. பழைய கிளையில் அப்படி ஒரு கவுண்ட்டரே இல்லை. வந்த கஸ்டமர் வாசலிலேயே திரும்பிவிடுகிறார். அவ்வளவுதான்.

"புது கம்ப்யூட்டர் வாங்கிடலாம்ப்பா" என்றேன்.

"எதுக்கு? இதுக்கு என்ன கேடு? நல்லாத்தானே ஓடுது."

இந்தக் கேள்விக்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. ஏனென்றால் இதே வேலையை ஆசை ஆசையாகச் செய்தவன் நான்தான். இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன்.

2003இல் மைசூரில் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நாட்கள். நண்பன் அறையில் விண்டோஸ் 98. அதற்கு யூனிகோட் தமிழ் தெரியாது. மைக்ரோசாஃப்ட் தமிழைச் சேர்த்ததே விண்டோஸ் 2000இல்தான். எக்ஸ்பியில்கூட ரீஜனல் செட்டிங்ஸில் போய் ஒரு டிக் போட்டு, அது கேட்கும் சிடியைச் செருகினால்தான் கொம்பும் காலும் சரியான இடத்தில் உட்காரும். 98இல் அந்த வழியும் கிடையாது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் அப்போதைய புதுப் பதிப்பைப் போட்டால், எழுத்துக்களைக் கோத்துக் கொடுக்கும் யூனிஸ்க்ரைப் என்ற ஃபைலும் கூடவே வரும். கூடவே ஒரு யூனிகோட் எழுத்துரு வேண்டும்.

அங்கேதான் அதிராம்பட்டினம் உமர் தம்பி அவர்களின் தேனீ எழுத்துரு வந்தது. அதை இயங்கு எழுத்துருவாகப் பக்கத்திலேயே இணைத்துவிட்டால், படிப்பவர் தன் பொட்டியில் எதையும் நிறுவ வேண்டாம். 98 வைத்திருந்தவனுக்கும் தமிழ் தெரிந்தது. அன்று எங்கள் பழைய பொட்டியில் கட்டம் கட்டமாக இருந்தது 'அம்மா' என்று மாறியபோது, நானும் நண்பனும் எழுந்து நின்று கை தட்டினோம். நோட்பேடில் அதே தமிழ் வெறும் கேள்விக்குறியாகத்தான் வந்தது என்பது வேறு விஷயம். எழுதுவதற்கு இ-கலப்பை. 2006இல் மைக்ரோசாஃப்ட் 98ஐக் கைகழுவியது. அதே வருஷம் உமர் தம்பியும் போய்விட்டார். புதுசு வாங்க வசதி இல்லாதவனும் படிக்கட்டும் என்று காசு வாங்காமல் உழைத்த மனுஷர்.

98க்கு ஃபயர்பாக்ஸ் 2.0.0.20தான் கடைசி, 2008 டிசம்பர். கெர்னல்எக்ஸ் என்றும் ஒன்று இருந்தது. முன்னே சொன்னேனே, இல்லாத கவுண்ட்டர். அங்கே ஒரு மேஜையைப் போட்டு ஓர் ஆளை உட்கார வைப்பது இதன் வேலை. எக்ஸ்பிக்காக எழுதிய மென்பொருள்கள் பல 98லேயே ஓடின. 

கொசுவத்தியை அணைக்கிறேன். அப்பா கேட்டதும் அந்தப் பழைய அரிப்பு எடுத்துவிட்டது. எக்ஸ்பிக்கு குரோம் 49தான் கடைசி (2016). ஃபயர்பாக்ஸ் 52 வரிசை 2018 வரை வந்தது. இன்றைய குரோமியத்தை எக்ஸ்பியில் ஓடவைக்க ஆர்வலர்கள் செய்த சூப்பர்மியம் என்ற உலாவி இருக்கிறது. தம்பி மகன் கொள்ளேகாலில் பழைய ரேம் வாங்கிப் போட்டு 2 ஜிபி ஆக்கினான். நான் போனில் சொல்லச் சொல்ல அவன் நிறுவினான். எக்ஸ்பிக்கு ஏற்ற பழைய பிடிஎஃப் மென்பொருள் ஒன்றும் கிடைத்தது. ஜிமெயில் திறந்தது. மலர் மைசூருக்குப் போனது. "பாத்தியா, நான் சொல்லலை?" என்றார் அப்பா. தங்கமணியிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மூணு வாரம் கழித்து, ராத்திரி ஒன்பதரைக்கு மறுபடி போன். இந்த முறை குரல் சரியில்லை.

"கண்ணு... எல்லாம் போயிருச்சு."

எந்தக் கடையிலோ பிரிண்ட் எடுக்கப் போன பென்டிரைவைத் திரும்பச் செருகியிருக்கிறார்கள். அதிலிருந்த ஃபோல்டர் எல்லாம் குறுக்குவழியாக மாறியிருக்கிறது. அதைச் சொடுக்கியதும் பொட்டியில் இருந்ததும் அப்படியே. உள்ளே மலர் மட்டும் இல்லை. ஊரில் எந்தக் குடும்பம் எந்தப் பக்கமிருந்து வந்தது, யார் வீட்டில் யார் பெண் எடுத்தது என்று பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு அப்பா இருபது வருஷமாகத் தட்டி வைத்த கணக்கு இருந்தது. சொன்னவர்களில் பாதிப் பேர் இன்று கல்லறைத் தோட்டத்தில். திரும்பக் கேட்க ஆள் கிடையாது.

அந்த வைரஸ் ஃபைல்களை அழிப்பதில்லை, ஒளித்து வைக்கும். கறுப்புத் திரையில் 'அட்ரிப்' கட்டளை கொடுத்தால் பெரும்பாலும் திரும்பி வரும். தம்பி மகனுக்கு எழுத்து எழுத்தாகச் சொன்னேன். பதினொன்றரைக்கு எல்லாம் வந்தது. அப்பா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம்தான் சாதாரணமாகச் சொன்னார்.

"பென்சன் ஏறிருச்சான்னு பாத்துட்டு இருந்தேன். அப்பதான் இப்படி ஆச்சு."

"எதுல பாத்தீங்க?"

"இதுலதான். நீ போட்டுக் குடுத்தியே, அதுல."

ஜோர்ஹாட் குளிரில் எனக்கு வியர்த்துவிட்டது. பாஸ்வேர்டு, கணக்கு எண் எல்லாம் அந்தப் பொட்டியில் தட்டியிருக்கிறார். 2014 ஏப்ரல் 8க்குப் பிறகு வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராத பொட்டி. அதற்கு இணைய வாசலைத் திறந்து கொடுத்தது வேறு யாரும் இல்லை, நான்தான். ராத்திரியே தம்பி செல்போனில் பாஸ்வேர்டை மாற்ற வைத்தேன். ஒரு மாசம் கணக்கை தினமும் பார்த்தோம். புண்ணியத்துக்கு ஒரு ரூபாயும் போகவில்லை.

இதில் வெட்கம் என்னவென்றால், இதே பாடத்தை நான் பேங்கில் ஏற்கெனவே படித்தவன். நம் நாட்டு ஏடிஎம்களில் நிறைய எக்ஸ்பியில் ஓடிக்கொண்டிருந்தன. ரிசர்வ் பேங்க் 2017 ஏப்ரலில் எச்சரித்தது. வேலை மெதுவாக நடப்பதைப் பார்த்து 2018 ஜூன் 21இல் தேதி போட்டு சுற்றறிக்கை விட்டது. செப்டம்பருக்குள் 25 சதம், டிசம்பருக்குள் 50, 2019 மார்ச்சில் 75, ஜூனில் முழுசும் ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாற வேண்டும். அதற்கு முன்பே, ஆகஸ்டுக்குள் யூஎஸ்பி வாசலை அடைக்க வேண்டும். கிளையில் ஏடிஎம் பொறுப்பு என்னிடம் இருந்தது. "நல்லாத்தானே சார் காசு குடுக்குது, எதுக்கு மாத்தணும்?" என்று அன்று கேட்டவர்களிடம் நான் பெரிய லெக்சர் கொடுத்தேன். அப்பாவிடம் அந்த லெக்சர் வாயில் வரவில்லை!

பழசு என்பதே குற்றம் என்றும் சொல்லிவிட முடியாது. 2017 மே 12இல் வான்னாக்ரை உலகத்தை ஆட்டியபோது எல்லாரும் எக்ஸ்பியைத் திட்டினோம். மைக்ரோசாஃப்ட்டே பதறிப்போய் எக்ஸ்பிக்குத் தனியாக ஒரு திருத்தம் விட்டது. பிற்பாடு எண்ணிப் பார்த்தால் மாட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். ஆக, பொட்டியின் வயசைவிட, அதற்குக் காவல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கெர்னல்எக்ஸோ சூப்பர்மியமோ இல்லாத கவுண்ட்டரைத் திறந்து கொடுக்கும். ஆனால் கிளையின் பின்கதவு பூட்டு உடைந்திருந்தால் அதை யார் பார்ப்பது? புது உலாவி தன் மேஜையை மட்டும்தான் காக்கும். பென்டிரைவில் வருகிறவன் அந்த மேஜைப் பக்கமே வருவதில்லை. இது எனக்கு 2003இல் தெரியவில்லை. அன்று எங்கள் பொட்டியில் திருட ஒன்றும் இல்லை, தமிழ் தவிர.

அப்பா ஏன் மாற மறுத்தார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. பாமினியில் தட்டியது நிஜத்தில் தமிழே இல்லை. எழுத்துருவை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். புள்ளி வைக்கிற இடமெல்லாம் அரைப்புள்ளி. புதுப் பொட்டிக்குப் போனால் இருபது வருஷ உழைப்பும் கிறுக்கலாகிவிடும் என்று பயந்திருக்கிறார். பாதி சரியான பயம். கஞ்சத்தனம் என்று நினைத்த நான்தான் மடையன்.

ஈஸ்டருக்கு லீவு போட்டு ஊருக்குப் போனேன். முதல் வேலையாக எக்ஸ்பி பொட்டியின் இணைய ஒயரைப் பிடுங்கினேன். ஆனால் பொட்டியை எடுக்கவில்லை. பேஜ்மேக்கர், பாமினி, பழைய பிரிண்டர் எல்லாம் அப்படியே இருக்கிறது. வெளிக்கடையில் செருகிய பென்டிரைவ் அதன் பக்கமே போகக்கூடாது என்று சட்டம். மெயிலுக்கும் பென்சனுக்கும் ஒரு புது லேப்டாப். பழைய ஃபைல்களை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து, ஒன்றை என்னோடு ஜோர்ஹாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிகள் சும்மாவே கிடைக்கின்றன. குடும்பக் கணக்கில் ஒரு பக்கத்தை மாற்றிக் காட்டினேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தார். இரண்டு பிழை கண்டுபிடித்தார். இரண்டும் மாற்றி செய்தது இல்லை, 2009இல் அவரே தட்டியது!

இப்போது தினம் ஒரு பக்கம் மாற்றி, திருத்தி, ராத்திரி எனக்கு அனுப்புகிறார். நேற்று வந்தது நாற்பத்தி ஆறாவது பக்கம். அதில் எங்கள் தாத்தா பெயர் இருந்தது.

டிஸ்கி: 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. நன்றாக ஓடும் எத்தனையோ பொட்டிகளை விண்டோஸ் 11 வாசலிலேயே நிறுத்துகிறது. ஊரில் அப்பா அம்மா கையில் எந்தப் பொட்டி இருக்கிறது, அதில் என்ன பார்க்கிறார்கள் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அப்படியே அதற்குள் அவர்கள் என்ன சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.