தட்டு எறிய மட்டும் வாறன்

எங்கட வீடுகளில் துவக்கு என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். வேட்டைத் துவக்கு, விளையாட்டுத் துவக்கு, ஆமிக்காரன்ர துவக்கு என்று பிரித்துப் பார்க்கிற பழக்கமும் இல்லை. அதனால்தான் எங்களில் ஒருத்தியின் மச்சான் மெல்பேர்னில் இருந்து தான் சுடுகிற வீடியோவைக் குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் போட்டபோது அரை நாள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பெரியம்மா மட்டும் "கவனம் தம்பி" என்று எழுதினா.

அவன் சுட்டது பறக்கிற ஒரு செம்மஞ்சள் தட்டை. களிமண் தட்டு என்று பெயர்தான், உண்மையில் சுண்ணாம்புக்கல் தூளும் தாரும் கலந்து அச்சில் வார்க்கிறார்கள். குறுக்களவு 110 மில்லிமீட்டர், எடை 105 கிராம் அளவு. அவன் கையில் இருந்தது மெல்லிய குழல் துவக்கு. அதை 'ஃபோர் டென்' என்கிறார்கள்.

இந்த அளவுக் கணக்கு ஒரு தனிக்கூத்து. குழலின் வாய்க்குப் பொருந்துகிற 12 ஈய உருண்டைகள் சேர்ந்து ஒரு இறாத்தல் என்றால் அது 12 போர். 28 உருண்டை வேணுமென்றால் 28 போர். இலக்கம் கூடக் கூட வாய் சிறுக்கும். ஃபோர் டென் மட்டும் இந்தக் கணக்கில் இல்லை. அது நேரடியாக வாயின் அகலம், 0.410 அங்குலம். (துவக்கு வாயின் அளவையும் தமிழில் 'போர்' என்றுதான் எழுதவேண்டிக் கிடக்கு. அதுக்கு நாங்கள் சிரித்தோம், பிறகு சிரிக்கவில்லை.)

சின்னத் துவக்கு, உதைப்புக் குறைவு, அதனால் சின்னப்பிள்ளைகளுக்கு ஏற்றது என்று பலர் நினைக்கிறார்கள். உதைப்புக் குறைவுதான். ஆனால் ஒலிம்பிக்கில் 12 போர் தோட்டாவில் 24 கிராம் சன்னம் போகும்; அமெரிக்கர்களின் ஸ்கீட் போட்டியில் ஃபோர் டென்னுக்கு அரை அவுன்ஸ்தான், 14 கிராம். சன்னம் குறையக் குறைய பிழைவிட இடமும் குறையும். கை தேர்ந்தவர்களே இதில் திணறுவார்களாம்.

இந்தத் தட்டு வந்த கதை எங்களுக்குப் பிடித்திருந்தது. அதற்கு முன் உயிருள்ள புறாவைக் கூட்டிலிருந்து திறந்துவிட்டுச் சுட்டார்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட அப்படி நடந்தது. தட்டு 1880இல், அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜோர்ஜ் லிகோவ்ஸ்கி செய்தது. பொடியன்கள் சிப்பி ஓட்டைத் தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போகவிடுவதைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்று சொல்கிறார்கள். ஹெந்தளையில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ஹமில்டன் கால்வாயில் உடைந்த ஓட்டுத்துண்டு எறிந்து எத்தனை தரம் தத்துது என்று எண்ணாத பிள்ளை இங்க இருக்காது. நாலு தத்தினால் அவன் அன்றைக்கு ராசா.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது இதைத் தேடிப் பார்த்தோம். காரணம் ஒரு தமிழ்ப் பெயர்: பிரித்விராஜ் தொண்டைமான், புதுக்கோட்டை அரச குடும்பம். முந்தின வருடம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணியோடு ட்ரப் தங்கம் எடுத்தவர். பாரிஸில் இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. 125 தட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வெடி வரை. அத்தனை தோட்டாவுக்கும் காசு வேணும், பயிற்சிக்கு அதைவிடப் பல மடங்கு வேணும். தமிழன் ஒருவன் சுடுகிறான் என்று பெருமைப்படப் போன எங்களுக்கு, அரண்மனைக்குப் பக்கத்தில் பிறந்தால் துவக்கு வேற மாதிரித்தான் இருக்கும் என்று தோன்றியது. அவருடைய திறமையில் எங்களுக்குச் சந்தேகமில்லை, சொல்லவருவது வேறு.

பெண்கள் ட்ரப்பில் தங்கம் எடுத்தவர் குவாத்தமாலாவின் அட்ரியானா ருவானோ. முதலில் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை, முதுகு காயப்பட்டு அதை விட்டுச் சுடுதலுக்கு வந்தவர். அந்த நாட்டுக்கு ஒலிம்பிக் வரலாற்றிலேயே முதல் தங்கம் அது. குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர், 36 வருடம். ருவானோ பிறந்தது 1995. ட்ரப் வெண்கலம் ஒன்றும் அதே நாட்டுக்கு அதே கிழமையில் வந்தது. ஊர் ஊராக ஆட்களைச் சுட்டுப் புதைத்த ஒரு நாடு, துவக்கால் வந்த பதக்கத்துக்குத் தெருவில் இறங்கி ஆடுகிறது. அங்கேயும் அம்மம்மாக்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும்?

எங்களிடம் இருந்த அம்மம்மாவுக்கு எப்படிக் கேட்டது என்று தெரியும். அவ 95 இடப்பெயர்வுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவ. உள்ளறையில் இருந்தபடி, "என்ன பிள்ளையள் வெடிச்சத்தம்? குறையுங்கோ, அக்கம்பக்கம் கேக்கும்" என்றா. ஃபோன் சத்தம்தான், சாடையாத்தான் வைத்திருந்தோம். முழுதாக நிற்பாட்டிவிட்டு மிச்சத்தைப் பார்த்தோம். சத்தமில்லாமல் பார்த்தால் நல்ல அழகான விளையாட்டு. தட்டு கிளம்பும், துவக்கு தட்டோடு சேர்ந்து திரும்பும், வானத்தில் ஒரு புகைப்பூ விரியும்.

போர் முடியேக்க எங்களுக்கு ஐந்தாறு வயது. எங்களுக்கு அந்தப் பயம் சொந்தமானதா, கைமாறி வந்ததா என்று அன்றிரவு நிறையக் கதைத்தோம். கைமாறி வந்தாலும் அதுக்கும் எடை இருக்கு என்றாள் ஒருத்தி. இங்கே துவக்குக்கு அனுமதி கொடுப்பது இன்றைக்கும் வெள்ளைக்காரன் 1916இல் எழுதின கட்டளைச் சட்டத்தின் கீழ்தான். இலங்கைக்காகச் சுடுகிற விளையாட்டு வீரர்களில் பலர் முப்படைகளில் இருந்து வருகிறார்கள். ஹெந்தளையில் இருந்து ஒரு தமிழ்ப்பிள்ளை ட்ரப் சுடப் பழக வேணும் என்று விண்ணப்பம் எழுதினால், முதலில் அந்தக் கடிதத்தைக் கிழிப்பது அவளுடைய அம்மாவாகத்தான் இருக்கும். அம்மாவைக் குறை சொல்ல எங்களால் ஏலாது.

வாய்ப்புக் கிடைத்தால் சுட்டுப் பார்ப்பீங்களா என்று எங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டோம். மூன்று பேர் இல்லை என்றார்கள், காரணம் சொல்லவில்லை. ஒருத்தி, ஃபோர் டென் என்றால் சுடுவேன், தோள் நோகாது என்றாள். கால்வாயில் ஆறு தத்து வரைக்கும் விட்டவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தட்டு எறியிற மெஷினுக்கு ஆள் வேணுமெண்டா நான் வாறன்" என்றான்.