சாரண்டாவின் இருளும் ஒளியும்

சென்ற மாசித் திங்களில் நமக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பத்தாண்டுகளாக டாட்டாநகரில் வாழ்ந்து பழகிய நாம், மனோகர்பூருக்கு அண்மையில், சாரண்டாக் காட்டை ஒட்டிய ஒரு சிறு நிலையத்தில் பயணச்சீட்டு எழுத்தராகப் பணியேற்க வேண்டும். செய்தியைக் கேட்ட நம் இல்லத்தரசி, வானிலிருந்து எடுத்த இரவுப் படத்தைக் கைப்பேசியில் திறந்து வைத்தார். ஜாம்ஷெட்பூர் வெண்ணிறப் பந்தாக ஒளிர்ந்தது. மேற்கே ரூர்கேலா மற்றொரு பந்து. இரண்டிற்கும் இடையே, நாம் போக வேண்டிய இடத்தில், மை கொட்டியது போன்ற கருமை.

“ஒரு புள்ளி வெளிச்சங்கூட இல்லையே! அங்கே பிள்ளைகள் எப்படிப் படிக்கும்?” என்றார். நமக்கு விடை கிடைக்கவில்லை. குடும்பத்தை அழைத்துச் செல்லுமுன் நாம் மட்டும் ஒருமுறை கண்டு வருவதென முடிவு செய்தோம்.

இவ்விரவுப் படங்களைப் பற்றிச் சிறிது கூறுதல் நலம். 2011-இல் ஏவப்பட்ட சுவோமி என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோளில் மங்கிய ஒளியையும் உணர வல்ல கருவியொன்று உண்டு. அது காணும் படத்தில் ஒரு புள்ளி என்பது நிலத்தில் ஏறத்தாழ முக்கால் கிலோமீட்டர் நீள அகலம். ஒரு நாட்டின் வருமானக் கணக்கு நம்பத்தக்கதாய் இல்லாதபோது, ஆண்டுதோறும் ஒளி வளர்வதைக் கொண்டு பொருளாதாரம் வளர்வதை மதிப்பிடலாம் என்று ஹெண்டர்சன், ஸ்டோரிகார்டு, வைல் என்னும் மூன்று பொருளியல் அறிஞர்கள் 2012-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினர். அதற்கு அவர்கள் பயன்படுத்தியவை இதனினும் பழைய செயற்கைக்கோள்களின் படங்கள். நகரங்கள் பரவுவதையும், போரில் ஊர்கள் இருண்டு போவதையும் அறிஞர்கள் இன்று இவ்வகைப் படங்களினின்றே கணிக்கின்றனர். ஆகவே, நம் இல்லத்தரசியின் அச்சத்தை அறியாமை என்று தள்ள இயலாது.

பிற்பகல் பாசஞ்சர் வண்டியில் ஏறினோம். ராஜ்கர்சவான் சந்திப்பில் இரும்புத்தாது ஏற்றிய சரக்கு வண்டி ஒன்று நமக்கு எதிரே கடந்தது. செந்தூள் படிந்த பெட்டிகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டோம். நோவாமுண்டி, குவா முதலிய சுரங்கங்களின் தாது இக்கிளைப் பாதை வழியே வருகிறது. சக்கரதர்பூரைக் கடந்து கொய்ல்கேரா வந்ததும் குன்றுகள் நெருங்கின. சாரண்டா என்பதற்கு எழுநூறு குன்றுகள் எனப் பொருள் கூறுவர். சால் மரங்கள் இருபுறமும் சுவர் எழுப்பி நிற்க, குகைப்பாதையுள் நுழைந்து வெளிவந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

நிலையத்தில் இறங்கியதும் நாம் முதலில் தேடியது விளக்கையே. இருந்தது! நடைமேடையில் சில விளக்குகள். அப்பால் ஓட்டு வீடுகளில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பல. ஒரு வீட்டுத் திண்ணையில் பெண் குழந்தைகள் இருவர் ஒரு பல்பின் கீழ் அமர்ந்து உரக்கப் பாடம் படித்துக்கொண்டிருந்தனர். ஒன்பது மணி கடந்ததும் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. காரணம் வறுமை மட்டுமன்று. விடியலில் எழ வேண்டியவர்கள் நேரத்தோடு உறங்குகிறார்கள்.

செயற்கைக்கோளோ நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியளவிலேயே தலைக்குமேல் வருகிறது! மாலை ஏழு மணியின் விளக்கை அது காண்பதில்லை. கூரைக்கும் மர நிழலுக்கும் கீழே எரிவதும் அதற்குச் சரிவரத் தெரியாது. ஆலையும், யார்டும், நெடுஞ்சாலையுமே அதன் கண்ணில் முதலில் படும்.

அவ்விரவு ஒன்றரை மணிக்கு நாம் நடைமேடையில் விழித்திருந்தோம். பாதையைக் காவல் காத்து வந்த முதியவர் ஒருவர், ஹோ இனத்தவர், கைவிளக்கைக் கீழே வைத்துவிட்டு நம்மருகே அமர்ந்தார். கைப்பேசிப் படத்தை அவரிடம் காட்டினோம். நெடுநேரம் உற்றுப் பார்த்தபின் இந்தியில், “பாபு, அந்த வெள்ளை எல்லாம் எங்கள் மலையிலிருந்து போனதுதான். மலை மட்டும் கறுப்பாக இருக்கிறது” என்றார்.

இச்சொல் நம் நெஞ்சில் தைத்தது. தாது வெட்டும் இடம் இருளாகவும், அதை உருக்கும் இடம் ஒளியாகவும் படத்தில் பதிகின்றன. படம் பொய் கூறவில்லை. ஒளி எங்கே என்று சொல்கிறது. அதற்கு உழைத்தவர் எங்கே என்று சொல்வதில்லை. அந்த முதியவரே தம் ஊரில் மழைக்காலத்தில் மின்சாரம் நாட்கணக்கில் நின்றுவிடும் என்றும் குறைப்பட்டார். ஆதலின் அக்கருமையில் மெய்யான குறையும் உண்டு. அதனை மறைத்தல் தகாது.

திரும்பி வந்து கண்டவற்றை வீட்டில் உரைத்தோம். நம் இல்லத்தரசி சற்று எண்ணிப் பார்த்து, “போன கோடையில் நம் வீதியில் மூன்று இரவு மின்சாரம் இல்லை. அப்போதும் இந்தப் படத்தில் நாம் வெள்ளையாகத்தானே இருந்திருப்போம்?” என்றார். பின்னர், “பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?” என்று வினவினார். நடந்தால் இருபது நிமிடம் என்றோம்.

ஒளியைத் தேடியே நம் முன்னோர் ஊரை விட்டு இத்தொலைவு வந்தனர், அதில் இழுக்கில்லை. ஆயினும் ஓர் ஊரின் தகுதியை நள்ளிரவுப் படம் ஒன்றைக் கொண்டு முடிவு கட்டாமல், மாலை ஏழு மணிக்கு அவ்வூர்த் தெருவில் நடந்து பார்த்தபின் தீர்மானித்தல் நன்று. கோடை விடுமுறை முடிந்ததும் நாம் குடும்பத்தோடு புறப்படுகிறோம். அவசர விளக்கு இரண்டு வாங்கி வைத்துள்ளோம்.