ஒரு நட்சத்திரமும் 52 தோழர்களும்

நாம் ஆடும் காற்பந்து வேறு. அமெரிக்கர்களின் காற்பந்து வேறு. அங்கே பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்துபவர் குவார்ட்டர்பேக். பெரும்பாலும் அவருக்கே மிக உயர்ந்த ஊதியம். ஆனால், 1994 முதல் ஒவ்வோர் அணியின் சம்பளச் செலவுக்கும் உச்சவரம்பு உண்டு. 53 பேர் கொண்ட அணியில் ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால், மற்றவர்களுக்குக் கிள்ளித்தான் கொடுக்க இயலும்.

கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி 2020இல் பேட்ரிக் மஹோம்ஸுடன் 45 கோடி டாலர் மதிப்பில் பத்தாண்டு ஒப்பந்தம் செய்தது. 2022இல், புகழ்பெற்ற டைரீக் ஹில்லை மயாமி அணிக்கு விட்டுக்கொடுத்து, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து வாய்ப்புகளைப் பெற்றது. இளையோருக்கு ஊதியம் குறைவு. பயிற்சியோ மிகுதியாகத் தேவை. அவ்வாண்டு ஏழாம் சுற்றில், அதாவது கடைசிச் சுற்றில், தேர்வான ஐசாயா பச்சேகோ 2023 பிப்ரவரி இறுதியாட்டத்தில் புள்ளிகள் ஈட்டினார். அணி வென்றது, மறு ஆண்டும் வென்றது.

2025 இறுதியாட்டத்தில் மஹோம்ஸைக் காக்கும் அரண் தளர்ந்தது. அவர் ஆறு முறை பந்துடன் வீழ்த்தப்பட்டார். ஃபிலடெல்ஃபியா 40-22 என வென்றது. அரணின்றி நட்சத்திரமும் ஒளிர்வதில்லை.

ஆசிரியரின் நேரத்திற்கும் உச்சவரம்பு உண்டு என்பதை இக்கணக்கு எனக்கு நினைவூட்டுகிறது. பேச்சுப் போட்டிக்கு ஒரு மாணவரைச் செதுக்குவது தேவையே. ஆனால், அந்த வாரங்களில் கடைசி வரிசை மாணவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுத் தருபவர் யார்? இக்கேள்வியை, வெற்றிபெறும் மாணவரின் பெற்றோரும் நம்மிடம் கேட்க வேண்டும்.